யாருக்காகப் பழுக்கிறது தக்காளி?

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளியின் விலை நாடெங்கும் பேசுபொருளானது. கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில நகரங்களில் 200 ரூபாயையும் தொட்டது. தமிழக அரசு சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. மத்திய அரசு கூட்டுறவு அமைப்புகள் மூலம் மானிய விலையில் விற்பனை செய்தது. நேபாளத்திலிருந்து இறக்குமதிக்கும் ஏற்பாடு செய்தது. அந்த நாள்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் திண்ணைப் பேச்சுகளிலும் ஓர் அறிவுரை தவறாமல் ஒலித்தது: 'வீட்டுக்கு வீடு நாலு தக்காளிச் செடி வைத்தால் இந்தப் பிரச்னையே வராது.'

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுச் சிங்கம்புணரியில் வந்து அமர்ந்துவிட்ட நானும் அந்த அறிவுரையை நம்பினேன். கொல்லைப்புறத்தில் இடம் இருந்தது. மொட்டை மாடியில் வெயில் இருந்தது. கையில் நேரமும் இருந்தது. கடையில் வாங்கிய நல்ல பழம் ஒன்றைப் பிழிந்து விதை எடுத்து, ஆடி மாதத்திலேயே விதைத்தேன். எங்கள் ஊர் கயிற்றுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தென்னை நார்க் கழிவு சாலையோரங்களில் குவிந்து கிடக்கும். அதிலிருந்து இரண்டு மூட்டை அள்ளி வந்து பைகளில் நிரப்பி, எட்டு நாற்றுகளை நட்டேன்.

விளைவு வருந்தத்தக்கதாக இருந்தது. ஐந்து செடிகளில் இலைகள் சுருண்டு குறுகின. மற்ற மூன்றும் வெளிறி நின்றன. பூத்த பூக்களில் பெரும்பாலானவை மழையில் உதிர்ந்தன. ஐப்பசியில் எனக்குக் கிடைத்தது ஒன்றரைக் கிலோ பழம்; அவையும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதற்குள் சந்தையில் விலை சரிந்து, ஆந்திரத்தில் சில ஊர்களின் விவசாயிகள் பழங்களைச் சாலையில் கொட்டிவிட்டுப் போகும் காட்சிகளும் செய்தியாகிவிட்டிருந்தன.

விலை உயர்ந்திருக்கும்போது அதைப் பார்த்துப் பலரும் பயிரிடுவார்கள். விளைச்சல் வரும்போது அனைவருடையதும் ஒன்றாக வந்து விலை வீழும். வீழ்ந்த விலையைக் கண்டு அடுத்த முறை பயிரைக் குறைப்பார்கள். விலை மீண்டும் ஏறும். இதைப் பொருளியலில் 'சிலந்தி வலைக் கோட்பாடு' என்பார்கள். 1934-இல் நிக்கோலஸ் கால்டர் சூட்டிய பெயர் அது. 1938-இல் மொர்டெகாய் எசெக்கியேல் அதனை விரிவாக விளக்கினார். அக்கோட்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய நானே, அந்த வலைக்குள் எட்டுச் செடிகளுடன் போய் விழுந்தேன் என்பதுதான் வேடிக்கை.

நான் செய்த தவறுகள் மூன்று: விதையில் ஒன்று, பட்டத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று. இவற்றுள் முதன்மையானது விதை பற்றியது. ஏனெனில், அதனுள் ஒரு பொருளாதாரக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

இன்று கடைகளில் 'பெங்களூர்த் தக்காளி' என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பின வகைகள். இரண்டு தெரிந்தெடுத்த பெற்றோர் வகைகளைச் சேர்த்து உருவாக்கப்படும் முதல் தலைமுறை விதைக்கு வீரியம் அதிகம். விளைச்சலும் ஒரே சீராக இருக்கும். ஆனால், அந்தப் பழத்தின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் பெற்றோரின் குணங்கள் பல திசைகளில் பிரிந்துவிடும். என் கொல்லையில் பழங்கள் ஒன்றுபோல் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். இவ்விதையை விவசாயி ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தே வாங்கியாக வேண்டும்.

கலப்பினங்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ மதனப்பள்ளியிலோ லாரியில் ஏறும் தக்காளி, பல நூறு கிலோமீட்டர் குலுங்கிச் சென்று, கூடைக்கு அடியில் நசுங்காமல் இருந்தால்தான் விவசாயிக்குக் காசு. ஆகவே தடித்த தோல், கெட்டியான சதை, ஒரே அளவு, ஒரே நிறம் ஆகியவற்றைச் சந்தை விரும்புகிறது. விதை உற்பத்தியாளர்களும் அவற்றையே தருகிறார்கள். அந்தப் பட்டியலில் சுவை கடைசியில் நிற்கிறது. சுவைக்கெனத் தனியாக யாரும் விலை கொடுப்பதில்லை என்பதே காரணம்.

இதற்கு அறிவியல் சான்றும் உண்டு. பழைய தக்காளி வகைகள் பலவற்றில், காய் பழுக்கும் முன் காம்பைச் சுற்றி அடர்பச்சை நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். 'பச்சைத் தோள்' என்று அதைச் சொல்லலாம். பழம் எங்கும் ஒரே சீராகச் சிவந்தால்தான் அறுவடைக்கு எளிது என்பதால், அந்த வளையம் இல்லாத வகைகளை உலகெங்கும் பயிர் வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வந்தனர். 2012-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, அதன் பின்விளைவை வெளிப்படுத்தியது. காயில் பச்சையத்தைப் பெருக்கும் ஒரு மரபணு அவ்வகைகளில் செயலிழந்து விடுகிறது. அதனால் பழத்தில் சேரும் சர்க்கரையும் குறைகிறது. சீரான நிறத்துக்காகச் சுவையின் ஒரு பங்கை நாம் அறியாமலேயே விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

லாரி ஏறாத தக்காளிக்கு லாரிக்கான இலக்கணம் எதற்கு? கொல்லையிலிருந்து அடுப்படிக்கு இருபது அடி நடந்து வரும் பழத்துக்குத் தோல் தடித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, வீட்டுத் தோட்டத்துக்கு விதை தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எவ்வளவு காய்க்கும்?' என்பதன்று. 'இது யாருக்காக உருவாக்கப்பட்டது?' என்பதே.

நம்மூர் நிலைமைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பி.கே.எம். 1 என்னும் வகை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்தது. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர்த் தக்காளியில் செயற்கையாகத் திடீர் மாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. பழம் தட்டையான உருண்டை வடிவில், பச்சைத் தோளுடன் இருக்கும். சாறும் புளிப்பும் உள்ளது; ரசத்துக்கு ஏற்றது. ஓரளவு பயணத்தையும் தாங்கும் என்பதால் விவசாயிகளிடமும் பரவியது. சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று நாம் கேட்டு வாங்குவதில் இவ்வகைக்கு முக்கிய இடமுண்டு. இது கலப்பினம் அன்று. இதன் விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே பிள்ளை வரும்.

தண்ணீர் குறைவான இடங்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய பையூர் 1 பொருந்தும்; மானாவாரிக்கு ஏற்ற வகை அது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, 'மருதம்' என்று அழைக்கப்படுவது, சிறிய இடத்தில் அடக்கமாக வளரும். இலைச்சுருட்டு நோய் ஆண்டுதோறும் தொல்லை தருகிறது என்றால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்' கலப்பினத்தை ஒரு பகுதியில் வைக்கலாம். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்னும் மூன்று நோய்களையும் எதிர்க்கும் வகை அது. விதை சேமிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் கொண்டுவரும் வண்ண வண்ண விதைப் பொட்டலங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் புகழ்பெற்ற 'பிராண்டிவைன்' போன்ற பெரும்பழ வகைகள் மிதமான கோடைக்குப் பழகியவை. உறவினர் ஒருவர் அன்போடு தந்த அவ்விதை, என் மாடியில் ஆளுயரம் வளர்ந்து, பூத்து, ஒரு காயும் பிடிக்காமல் காய்ந்தது. வெப்பத்தில் காய்பிடிக்கும் திறன் பொதுவாகச் சிறு பழ வகைகளுக்கே கூடுதல். புதுமை வேண்டுவோர் செர்ரித் தக்காளியை முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது, பட்டம். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற முதுமொழியை நம்பியே நான் ஆடியில் விதைத்தேன். காய்கறிக் கூடையுடன் எங்கள் தெருவுக்கு வரும் மூதாட்டி ஒருவர் என் செடிகளைப் பார்த்துவிட்டு, "மழைக்குள்ள பூ விட்டா நிக்குமா வாத்தியாரய்யா? கார்த்திகையில நாத்துப் போட்டுப் பாருங்க" என்றார். "ஏன் ஆத்தா, ஆடியில் போட்டால் என்ன?" என்றேன். "அது வானத்தை நம்புற வெள்ளாமைக்கு. தக்காளிக்கு ராத்திரி குளிரணும்" என்றார்.

நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னது முற்றிலும் சரி என்று தெரிந்தது. தக்காளி பூத்துக் காய்பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும்; பூ உதிரும். பழத்துக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் என்னும் நிறமியும் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. சித்திரை வெயிலில் பழங்கள் மஞ்சளோடிக் கிடப்பது இதனால்தான். சிவகங்கைச் சீமையில் அந்த இதமான இரவுகளுக்கு அருகில் வருபவை மார்கழி, தை மாத இரவுகள் மட்டுமே. செடி அப்போது பூக்க வேண்டும் என்றால், ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் நாற்றுவிட வேண்டும்.

இங்கும் ஒரு பொருளாதாரப் பாடம் உண்டு. பி.கே.எம். 1 போன்ற புதர் வகைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துடன் நின்று, சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து முடிப்பவை. பன்னிரண்டு செடிகளையும் ஒரே நாளில் நட்டால், மாசியில் பத்து நாள் பழம் கொட்டும். பிறகு ஒன்றும் இராது. நாட்டின் தக்காளிச் சந்தைக்கு நேர்வது வீட்டுக்குள்ளேயே நேரும். எனவே, ஐப்பசி நடுவில் நான்கு, அடுத்த இருபது நாளில் நான்கு, அதற்கடுத்த இருபது நாளில் நான்கு என்று பிரித்து விதைக்கிறேன். மாசி தொடங்கிச் சித்திரைத் தொடக்கம் வரை அடுப்படிக்குப் பழம் சீராக வருகிறது.

மூன்றாவது, மண். நார்க் கழிவு ஈரத்தைப் பல மடங்கு பிடித்துவைக்கும் அருமையான பொருள். ஆனால், பச்சையாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். என் செடிகள் வெளிறியது அதனால்தான். சிப்பிக் காளானையும் யூரியாவையும் சேர்த்து மட்க வைக்கும் முறையை வேளாண் பல்கலைக்கழகம் வகுத்துத் தந்திருக்கிறது. அதன்பின் அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்குக் குறைகிறது. இப்போது நான் செம்மண், மட்கிய நார்க் கழிவு, தொழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கிறேன்.

வளர்ப்பு முறையில் சில குறிப்புகள் போதும். நாற்றங்கால் தட்டைத் தாழ்வாரத்தில் வைத்து, நெருக்கமான நைலான் வலையால் மூட வேண்டும். இலைச்சுருட்டு நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, இளம் நாற்றிலேயே நச்சுயிரியை ஏற்றிவிடும். நோய் கண்ட செடிக்கு மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். 25 நாள் நாற்றைத் தண்டின் கீழ்ப்பகுதி புதையும்படி ஆழமாக நட்டால், புதைந்த தண்டிலும் வேர்விடும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். செண்டுமல்லி இரண்டு செடி வைத்தால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவை நாடிச் செல்லும். கத்தரியோ மிளகாயோ இருந்த மண்ணில் உடனே தக்காளி வைக்கக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் நோய்களும் பொது.

தண்ணீரில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால், காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். இதைப் பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. உண்மையில் நீர் சீராக ஏறாததால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமையே காரணம். காலையில் அளவாக ஊற்றி, மண்மேல் சருகு மூடாக்கு இட்டாலே போதும். பறித்த பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். கடுங்குளிரில் அதன் மணம் குன்றிவிடுகிறது.

சரி, இவ்வளவும் செய்தால் தக்காளி விலைப் பிரச்னை தீருமா? தீராது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.கே.எம். 1 வகையின் விளைச்சல் எக்டேருக்கு 30 முதல் 35 டன் வரை. 60-க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஓர் எக்டேரில் ஏறத்தாழ 37,000 செடிகள் நிற்கும். அதாவது, செடிக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. வாரம் இரண்டு கிலோ வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு கிலோ தேவை. அதற்கு நூறு செடிகளுக்கு மேல் வேண்டும். அவையும் கோடையில் காய்க்கா. பன்னிரண்டு செடிகளில் எனக்குக் கிடைப்பது, ஆண்டுத் தேவையில் எட்டில் ஒரு பங்கு. என் உழைப்புக்குக் கூலி சேர்த்தால் அது சந்தை விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

ஆகவே, 'வீட்டில் நாலு செடி வையுங்கள்' என்று சொல்லிவிட்டு அரசும் சமூகமும் விவசாயியை மறந்துவிடக் கூடாது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் விலை ஏற்றத் தாழ்வைக் குறைக்க, 2018-19 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஐந்தாண்டு கழித்தும் 2023-ஐ நாம் கண்டோம். 2024 அக்டோபரில் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று, தக்காளிக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு என்று மதிப்பிட்டது. பதப்படுத்தும் வசதி, சேமிப்பு, எந்த வட்டாரத்தில் எவ்வளவு நடப்பட்டிருக்கிறது என்ற முன்தகவல் ஆகியவையே இதற்கான விடைகள். கொல்லைச் செடி அவற்றுக்கு மாற்று ஆகாது.

பின் எதற்காக வளர்க்க வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று சுவை. மற்றொன்று விதை.

தக்காளி நம் மண்ணுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைப்பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஐரோப்பியர் வழியாக இங்கு வந்தது. இன்றும் பல வீடுகளில் திவசச் சமையலில் தக்காளிக்கு இடமில்லை; அங்கு புளியே ஆட்சி செய்கிறது. அப்படி வந்த ஒன்று, சில தலைமுறைகளுக்குள் 'அன்னஞ்சி' என்னும் பெயருடன் உள்ளூர்த் தக்காளி ஆகியிருக்கிறது. தேனிக்கு அருகில் உள்ள ஓர் ஊரின் பெயரும் அதுவே. யாரோ சிலர் நல்ல பழத்தைப் பார்த்து, அதன் விதையை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த ஆண்டும் விதைத்ததால்தான் அது நிலைத்தது. ஆராய்ச்சியாளரின் கைக்கு அந்த விதை கிடைத்திராவிட்டால் பி.கே.எம். 1 பிறந்திருக்காது.

அந்த வேலையை இன்று யார் செய்கிறார்கள்? சந்தைக்காகப் பயிரிடும் விவசாயி செய்ய இயலாது. கலப்பினத்துக்கு மாறுவது அவருக்கு வாழ்வாதாரக் கட்டாயம். லாபக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாத வீட்டுத் தோட்டத்துக்குத்தான் அது இயலும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை அளித்திருக்கிறது. பயன்படுத்தாத உரிமை நாளடைவில் ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

விதை எடுப்பது கடினமன்று. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது என்பதால் கலப்பு அச்சம் குறைவு. நோயற்ற செடியில், நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, விதைச் சாற்றைக் கிண்ணத்தில் ஓரிரு நாள் புளிக்கவிட வேண்டும். வழவழப்பு நீங்கியபின் கழுவி, மிதப்பதை நீக்கி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தித் தாளில் மடித்து வைத்தால் மூன்று ஆண்டுகள் வரை முளைக்கும். பொட்டலத்தின் மேல் வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைக்க மறக்கக் கூடாது.

தோட்டம் போட இடமில்லாதவர்களும் ஒன்று செய்யலாம். வாரச் சந்தையில் நாட்டுத் தக்காளியைக் கேட்டு, விளைவித்தவரிடமே வாங்கலாம். கேட்பவர் இருக்கும்வரை பயிரிடுபவர் இருப்பார். ரூபாயில் அவர் பங்கும் கூடும்.

சென்ற மாசியில் எடுத்த விதையை நான்கு பொட்டலங்களாக மடித்தேன். மூன்றை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தேன். நான்காவதைக் கூடைக்கார மூதாட்டியிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்து, விரலால் தேய்த்துவிட்டு, "நல்லாக் காஞ்சிருக்கு. ஐப்பசிக்குப் போடுறேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். நான் எழுதிய ஆய்வேடுகளுக்குக் கிடைத்த ஒப்புதலைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).